மஞ்சக்குப்பம் வீட்டுக் கணினியும் 437 மொய்யும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரையேறியபோது கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டின் பின்கட்டு ஓடுகள் பறந்தன. பரணில் இருந்த தகரப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, உள்ளே இருந்த மொய் நோட்டு ஊறிப்போனது. 2009-இல் நடந்த மகள் கல்யாணத்தின் மொய் அது. மொத்தம் 437 பேர், ஊர், தொகை. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். தெருவில் எல்லோருக்கும் ஹெச்.எம். சார், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். பக்கம் பக்கமாக வெயிலில் காயவைத்து, மை கலங்காத வரிகளையும் கலங்கிய வரிகளையும் மனைவியின் ஞாபகத்தோடு ஒத்துப்பார்த்து, 2012 கோடை முழுவதும் அவர் எக்செல்லில் ஏற்றினார். நோட்டு பிறகு பழைய பேப்பரோடு போய்விட்டது.

கணினிக் கதையில் மொய் நோட்டு எதற்கு என்று கேட்கலாம். வீட்டுக் கணினியில் அப்படி என்ன இருக்கிறது, நாலு போட்டோவும் ஆதார் ஸ்கேனும்தானே என்று என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்கிறார்கள். என்ன இருக்கிறது என்பது போன பிறகுதான் தெரிகிறது. 2023 ஆகஸ்டில் யாரோ வெளியிலிருந்து இந்த வீட்டுக் கணினிக்குள் புகுந்து, மொய் உட்பட எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிட்டுப் போனார்கள்.

நான் திருப்பாதிரிப்புலியூரில் லாரன்ஸ் ரோட்டை ஒட்டிக் கணினி சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இந்தக் கதையில் நான் வெறும் சாட்சி இல்லை. அது பின்னால் வரும்.

ரிமோட் எப்படித் திறந்தது

கணினி 2018-இல் என் கடையில் அசெம்பிள் செய்தது. விண்டோஸ் 10 புரோ. அந்தக் காலத்தில் எந்தக் கணினி வந்தாலும் புரோ போடுவது எங்கள் பழக்கம். ஏன் என்று கேட்காதீர்கள். ஹோம் பதிப்பு போட்டிருந்தால் இந்த ஆய்வே இருந்திருக்காது. ரிமோட் டெஸ்க்டாப் என்பது ஒரு கணினியை வேறோர் இடத்திலிருந்து இயக்க விண்டோஸிலேயே இருக்கும் வசதி. ஹோம் கணினியிலிருந்து வேறு கணினிக்கு அதில் போகலாம், ஆனால் அது தன்னிடம் யாரையும் அப்படி வரவிடாது. புரோ வரவிடும்.

2020 ஊரடங்கு. மகன் பெங்களூரில் மாட்டிக்கொண்டார். தினமும் போனில் ஒரே பாட்டு.

“ஸ்க்ரீன்ல என்னப்பா தெரியுது?”

“எப்பவும் தெரியறதுதான் தெரியுது.”

இந்தச் சித்திரவதைக்கு முடிவுகட்ட மகன் ரிமோட் டெஸ்க்டாப்பை ஆன் செய்ய வைத்தார். அது மட்டும் போதாது. வெளியிலிருந்து தானாக வருகிற இணைப்பை வீட்டு ரவுட்டர் உள்ளே விடாது. எந்தக் கருவிக்கு அனுப்புவது என்று அதற்குத் தெரியாது. இன்ன எண்ணில் (அந்த எண்தான் போர்ட்) வந்தால் இன்ன கணினிக்கு அனுப்பு என்று சொல்லிவைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங். அதற்கும் முன்னால் இன்னொரு தடை. பல பிராட்பேண்ட் இணைப்புகளில் இணையத்தில் அடையாளமாக இருக்கும் ஒரே பொது ஐ.பி. முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருகிறார்கள், லைன் வீட்டில் எல்லோருக்கும் ஒரே மீட்டர் மாதிரி. அந்த ஏற்பாட்டில் போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யாது. மகன் விடாமல் போன் செய்து, மாதம் கொஞ்சம் கூடுதல் பணம் கட்டி, வீட்டுக்கென்று தனி நிலையான ஐ.பி. முகவரி வாங்கினார். ஆக, இயல்பாகவே இருந்த மூன்று தடைகளையும் மெனக்கெட்டு, செலவு செய்து, அப்பாவுக்கு உதவ வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக எடுத்தாயிற்று.

அவர் விவரம் தெரியாதவர் இல்லை. ரிமோட் டெஸ்க்டாப் வழக்கமாகக் காது கொடுத்துக் கேட்கும் எண் 3389. அதை அப்படியே திறக்காமல் வெளிப்பக்கத்தில் வேறொரு ஐந்து இலக்க எண்ணை வைத்தார். அப்பாவின் கணக்குக்கு நல்ல கடவுச்சொல்லும் போட்டார். எண்ணை மாற்றினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தார். ஐ.பி. முகவரிகள், பழைய நான்காம் பதிப்பில், மொத்தமே சுமார் 430 கோடி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2013-இல் வெளியிட்ட ஒரு கருவி, நல்ல வேகமான இணைப்பு இருந்தால், ஒரு போர்ட்டை வைத்து அந்த மொத்தத்தையும் முக்கால் மணி நேரத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். அது ஆராய்ச்சிக்காகச் செய்தது. மற்றவர்களிடமும் அப்படிப்பட்ட கருவிகள் இருக்கின்றன. ஒவ்வோர் எண்ணாகத் தட்ட அவர்களுக்கு நேரமும் இருக்கிறது. திறந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது ரிமோட் டெஸ்க்டாப்தான் என்பதை அது பதில் சொல்லும் விதத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

2021 தொடக்கத்தில் சார் வாட்ஸாப் வீடியோ கால் பழகிக்கொண்டார். கேமராவை ஸ்க்ரீன் பக்கம் திருப்பிக் காட்டினால் போதும். ரிமோட் டெஸ்க்டாப்பை மகன் அதற்குப் பிறகு தொடவே இல்லை, மறந்தும் போனார். பால் பாக்கெட்டில்கூடக் காலாவதித் தேதி அச்சடிக்கிறார்கள். இந்த மாதிரி அமைப்புகளுக்கு அது கிடையாது. “இந்த வழியாக ஆறு மாதமாக யாரும் வரவில்லை, மூடட்டுமா?” என்று விண்டோஸும் கேட்கவில்லை, ரவுட்டரும் கேட்கவில்லை. நிலையான ஐ.பி.க்கான கூடுதல் தொகை மட்டும் மாதாமாதம் பில்லில் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. சார் அதையும் ஒழுங்காகக் கட்டினார்.

ஆடி வெள்ளி

2023 ஆகஸ்ட் 4, ஆடிப்பெருக்குக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு சார் போன் செய்தார். “தம்பி, விண்டோஸ் அப்டேட் ஆயிடுச்சு போல, எல்லா ஐகானும் வெள்ளையா மாறிடுச்சு. இங்கிலீஷ்ல ஒரு பெட்டி வந்திருக்கு, க்ளோஸ் பண்ணவா?”

எதையும் தொட வேண்டாம், நெட் ஒயரைப் பிடுங்கி வையுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் ஓர் அடையாள எண், சதுர அடைப்புக்குள் ஒரு மின்னஞ்சல் முகவரி, கடைசியில் ‘ஃபவுஸ்ட்’ (faust) என்ற வால். கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் ரகத்தில், ஃபோபோஸ் என்ற குடும்பத்தின் கையெழுத்து அது. எவ்வளவு பணம் என்று பெட்டியில் எழுதியிருக்கவில்லை. மெயில் அனுப்பினால் சொல்வார்களாம்.

பேக்கப் இருக்கிறதா என்று கேட்டேன். சார் பெருமையாக மேஜைக்குப் பின்னால் கை காட்டினார். நான் விற்ற ஒரு டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க், நீல விளக்கு எரிய, யு.எஸ்.பி.யில் செருகியபடியே இருந்தது. 2018-இல் இருந்து அதைக் கழற்றவே இல்லை. உள்ளே போட்டோ, பட்டா, பத்திர ஸ்கேன், மொய் எல்லாவற்றுக்கும் அதே வால். விண்டோஸ் தானாக எடுத்து வைக்கும் நிழல் பிரதிகளையும் காணோம். கோப்புகளைப் பூட்டும்போது அவற்றையும் அழித்துவிட்டுப் போவது இந்தக் குடும்பத்தின் வழக்கம்.

பதிவேடு சொன்னது

வீட்டுக் கணினியில் ரேன்சம்வேர் என்றால் என் முதல் சந்தேகம் எப்போதும் திருட்டு மென்பொருள், அடுத்தது மெயிலில் வந்த போலி பில். ஒரு மணி நேரம் டவுன்லோட் ஃபோல்டரையே கிளறிக்கொண்டிருந்தேன். அங்கே இருந்ததெல்லாம் பேத்தியின் பாடக் குறிப்புகளும் வாக்கிய பஞ்சாங்கமும். மதியத்துக்கு மேல்தான் ரிமோட் டெஸ்க்டாப் ஆன் ஆகியிருப்பதைப் பார்த்தேன். வீட்டுக் கணினியில் அதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

விண்டோஸின் பாதுகாப்புப் பதிவேட்டைத் திறந்தால் காலி. அழிக்கப்பட்டது என்பதற்கான 1102 என்ற நிகழ்வு எண் மட்டும் மேலே உட்கார்ந்திருந்தது. பதிவேட்டை அழித்ததும் ஒரு நிகழ்வுதான், அதையும் விண்டோஸ் எழுதிவைக்கும். அழிக்காமல் இருந்திருந்தாலும் பெரிதாகப் பயன் இருந்திருக்காது. அந்தப் பதிவேட்டின் வழக்கமான கொள்ளளவு 20 எம்பி. கடவுச்சொல்லை ஊகித்து ஊகித்து ஒருவன் தட்டிக்கொண்டே இருந்தால், 4625 என்ற தோல்விப் பதிவுகளாலேயே அது நிரம்பி, பழையவை தானாக உதிர்ந்துவிடும்.

ஆனால் ரிமோட் அமர்வுகளுக்கென்று விண்டோஸ் வேறோர் இடத்தில் தனியாக ஒரு பதிவு வைக்கிறது. வந்தவர் அதை மறந்துவிட்டார், அல்லது அவசரம். அதில் 21 என்ற எண் வந்தால் யாரோ வெற்றிகரமாக நுழைந்தார் என்று பொருள், 24 என்றால் இணைப்பு விட்டுப்போயிற்று. ஜூலை 26 இரவு 1.52-க்கு ஒரு நுழைவு, நான்கே நிமிடம். ஜூலை 30-இல் பதினோரு நிமிடம். ஆகஸ்ட் 4 அதிகாலை 2.17-க்கு வந்தவர் 3.05-க்குப் போயிருக்கிறார். மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு வெளிநாட்டு முகவரிகள். அதை வைத்து எந்த நாட்டுக்காரன் என்று சொல்பவரை நம்பாதீர்கள். நடுவில் எத்தனை கணினி வாடகைக்கு நிற்கிறதோ.

நான்கு நிமிடம் வந்து எதையும் தொடாமல் போனவன் ஏன் வந்தான்? கதவு திறக்கிறது என்று உறுதிசெய்துகொள்ள. இந்தத் தொழிலில் நுழைவதை மட்டும் செய்து, அந்த நுழைவை விற்பவர்கள் தனியாக இருக்கிறார்கள். பூட்டுபவர்கள் வேறு ஆட்கள். இந்த வீடும் அப்படிக் கைமாறியிருக்கும் என்பது என் ஊகம், நிரூபிக்க வழியில்லை. 2024 பிப்ரவரியில் அமெரிக்க அரசு அமைப்புகள் ஃபோபோஸ் பற்றி வெளியிட்ட எச்சரிக்கையிலும் திறந்து கிடக்கும் ரிமோட் டெஸ்க்டாப்தான் முக்கிய வழிகளில் ஒன்றாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தக் கணினியில் எல்லா அப்டேட்டும் போட்டிருந்தது. 2019 மே மாதம் ரிமோட் டெஸ்க்டாப்பிலேயே புளூகீப் என்ற பெரிய ஓட்டை வெளியாகி, ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாப்ட் திருத்தம் கொடுத்தது. நினைவிருக்கலாம். இது அந்த ரகம் இல்லை. எதையும் உடைக்கவில்லை. சரியான பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து, முறைப்படி உள்ளே வந்து, நிர்வாகி உரிமையோடு ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார்கள். வீட்டுக்காரரே அணைத்தால் எந்த ஆன்டிவைரஸும் சண்டை போடாது.

எந்தப் பெயரில் வந்தார்கள்

சாரின் கணக்கில் வரவில்லை. அமர்வுப் பதிவில் மூன்று முறையும் இருந்த பெயர் ‘சர்வீஸ்’.

அதைப் பார்த்ததும் எனக்கு அடிவயிறு கலங்கியது. அது எங்கள் கடைக் கணக்கு. 2018 வாக்கில் நாங்கள் விற்ற ஒவ்வொரு கணினியிலும், கஸ்டமர் கடவுச்சொல்லை மறந்தால் திறப்பதற்கென்று, நிர்வாகி உரிமையோடு இந்தப் பெயரில் ஒரு கணக்கைப் பையன்கள் போட்டுவிடுவார்கள். போடச் சொன்னது நான். கடவுச்சொல்லை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. அதே பெயரும் பின்னால் ஒன்று, இரண்டு, மூன்றும் என்று சொன்னால் போதும். ஊகிப்பவர்களின் பட்டியலில் அட்மின், டெஸ்ட், யூசர் என்பவற்றோடு சர்வீஸும் நிச்சயம் இருக்கும்.

மகனுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. ரிமோட் டெஸ்க்டாப்பை ஆன் செய்யும்போது யாரை அனுமதிப்பது என்று காட்டும் பெட்டியில், சாரின் கணக்குக்கு ஏற்கெனவே அனுமதி இருக்கிறது என்று மட்டும் வந்திருக்கும். நிர்வாகி உரிமை உள்ள எல்லாக் கணக்குக்கும் தானாகவே அனுமதி உண்டு என்பது அங்கே பளிச்சென்று தெரியாது. ஒரு கணக்குக்கு நல்ல கடவுச்சொல் போட்டுவிட்டு அவர் நிம்மதியாக இருந்தார். அதே வீட்டுக்கு இன்னொரு சாவி என் கடையில் தொங்கியது.

எத்தனை முறை தப்பாக அடித்தாலும் கணக்கு பூட்டிக்கொள்ளாது என்பதுதான் பழைய விண்டோஸின் இயல்பான அமைப்பு. விண்டோஸ் 11-இன் 2022 பதிப்பிலிருந்து, பத்து முறை தவறினால் பத்து நிமிடம் பூட்டுவது இயல்பாகவே வருகிறது. சாரிடம் இருந்தது 10. நாங்களும் அதைக் கையால் மாற்றி வைக்கவில்லை.

மகன் அன்று இரவே பஸ் பிடித்து வந்துவிட்டார். மறுநாள் காலை மூவரும் கூடத்தில் உட்கார்ந்தோம். நான் கணக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் போர்ட் விஷயத்தைச் சொன்னார். சார் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, “ஆக, நான் ஒண்ணும் தப்பு பண்ணல” என்றார். இந்த வழக்கில் அது முழு உண்மை.

பணம் கட்டலாமா என்ற பேச்சு வந்தது. மகன் தயாராக இருந்தார், குற்ற உணர்ச்சியில். எங்கோ ஒரு ரெக்கவரி ஆள் போனில் நாற்பதாயிரம் கேட்டார், எப்படித் திறப்பார் என்று மட்டும் சொல்லவில்லை. இப்படிச் சொல்பவர்களில் சிலர் திரைமறைவில் திருடனுக்கே பணம் கட்டிச் சாவி வாங்குபவர்கள். சார்தான் முடிவு செய்தார்: “437 பேரு வச்ச மொய்க்குத் திருடனுக்கு நான் மொய் வைக்கணுமா?”

சைபர் குற்றங்களுக்கான மத்திய அரசு இணையதளத்தில் புகார் பதிந்தோம். 1930 பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய எண். நல்ல வேளையாக இங்கே வங்கிக் கணக்கில் கை வைத்திருக்கவில்லை. ஆனால் பிரவுசரில் சேமித்திருந்த எல்லாக் கடவுச்சொல்லும் போனதாகவே கொள்ள வேண்டும் என்று, வேறொரு போனிலிருந்து ஒவ்வொன்றாக மாற்றினோம். இந்தக் கணினியிலேயே உட்கார்ந்து மாற்றியிருந்தால் புதுச் சாவியையும் அவர்களிடமே கொடுத்த கதையாகியிருக்கும்.

பழைய இரண்டு டிஸ்க்கையும் கழற்றி, தேதி எழுதி, பழைய வேட்டியில் சுற்றிப் பீரோவில் வைக்கச் சொன்னேன். ஃபார்மட் செய்து திரும்பப் பயன்படுத்தலாமே என்று மகன் கேட்டார். வேண்டாம் என்றேன். இந்தக் கும்பல்களின் சாவி எப்போதாவது வெளியே வரும். 2016-இல் நெதர்லாந்து போலீசும் ஐரோப்பிய ஒன்றியத்தின் போலீஸ் அமைப்பான யூரோபோலும் இரண்டு பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய ‘நோ மோர் ரேன்சம்’ தளம் இருப்பதே அப்படி வந்தவற்றைச் சேர்த்து வைக்கத்தான். உண்மையைச் சொன்னால், அப்போது ஆறுதலுக்காகத்தான் சொன்னேன்.

புது எஸ்.எஸ்.டி., புது விண்டோஸ். ரவுட்டரில் இருந்த ஃபார்வர்டிங்கை அழித்தோம். கருவிகள் தாமாகவே போர்ட் திறந்துகொள்ள வழிவிடும் யு.பி.என்.பி.யையும் அணைத்தோம். நிலையான ஐ.பி.யைத் திருப்பிக் கொடுத்ததில் மாதக் கட்டணமும் குறைந்தது. சார் தினமும் புழங்குவது நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்கு. எக்ஸ்டர்னல் டிஸ்க் ஞாயிற்றுக்கிழமை மட்டும் செருகி, முடிந்ததும் கழற்றி அலமாரியில். மகன் உதவ வேண்டுமென்றால் விண்டோஸிலேயே இருக்கும் குயிக் அசிஸ்ட். ஒவ்வொரு முறையும் புதுக் குறியீடு, சில நிமிடங்களில் அது செத்துவிடும், சார் எதிரில் உட்கார்ந்து சம்மதம் கொடுத்தால்தான் ஸ்க்ரீன் தெரியும். இதே வசதியை வைத்தும் ஏமாற்றுகிறார்கள். வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று சொல்லி எனிடெஸ்க் என்ற ரிமோட் மென்பொருளைப் போடவைத்துப் பணம் எடுப்பதைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. அதனால் சாருக்கு ஒரே விதி: நாமாகக் கூப்பிட்ட ஆளுக்கு மட்டும். அவராகக் கூப்பிட்டவர் யாராக இருந்தாலும் போனை வை.

பில் புத்தகம்

அடுத்த இரண்டு வாரம் கடையில் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. 2016 முதல் 2020 வரையிலான பில் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு, ‘சர்வீஸ்’ கணக்கோடு போன ஒவ்வொரு கணினிக்கும் போன் செய்தோம். எண்பதுக்குச் சற்று மேல். சிலர் எண் மாறிப்போயிருந்தது, சிலர் கணினியே இல்லை என்றார்கள். “அஞ்சு வருஷம் கழிச்சு எதுக்குப்பா கூப்பிடற, பாக்கி ஏதும் இருக்கா?” என்று ஒரு அம்மா பயந்துவிட்டார். நேரில் போய்க் கணக்கை அழித்தது ஐம்பத்திரண்டு இடம். காசு வாங்கவில்லை, வாங்க முகமும் இல்லை.

அதில் வெளியிலிருந்து நேராக எட்டும்படி ரிமோட் டெஸ்க்டாப் திறந்திருந்தது ஒன்றே ஒன்று, பாகூரில். அங்கேயும் ஊரடங்கில் யாரோ ஒரு தம்பி செய்துகொடுத்து மறந்தது. ஆனால் ஒன்பது கணினியில் வேறொன்று பார்த்தோம்: ரிமோட் மென்பொருளில், எதிரில் ஆள் இல்லாவிட்டாலும் கடவுச்சொல்லை வைத்து நுழையும் வசதி ஆன் ஆகியிருந்தது. பிரிண்டர் சரிசெய்ய வந்தவர், டாலி போட்டுக்கொடுத்தவர், வேலையை விட்டுப் போன அக்கவுண்டன்ட். யாரும் கெட்ட எண்ணத்தில் வைத்ததாகத் தெரியவில்லை. அடுத்த முறை வண்டி ஓட்டி வர வேண்டாமே என்றுதான் வைத்திருக்கிறார்கள். வில்லியனூரில் ஒரு வீட்டில் அப்படி நான்கு பேருக்கு வழி இருந்தது. வீட்டுக்காரருக்கு அதில் இரண்டு பேரின் பெயரே ஞாபகம் இல்லை.

பீரோவில் இருந்த டிஸ்க்

மொய் இல்லாமல் சார் இரண்டு ஆவணியையும் இரண்டு தையையும் கடத்தினார். யார் எவ்வளவு வைத்தார் என்று தெரியாமல் பந்தியில் உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்பது நம்மூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லோருக்கும் பொதுவாக 1001 என்று ஒரு முடிவுக்கு வந்தார். அதிகமாக வைத்தால் பரவாயில்லை, குறைவாக வைத்துவிட்டால்தான் பேச்சு.

நடுவில் செய்திகள் வந்துகொண்டிருந்தன. 2024 நவம்பரில் ஃபோபோஸை நடத்தியதாக ஒருவரைத் தென் கொரியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனதாக அறிவித்தார்கள். 2025 பிப்ரவரியில் அதே குடும்பத்தைச் சேர்ந்த கும்பல் ஒன்றில் நான்கு பேரைத் தாய்லாந்தில் பிடித்தார்கள். அப்புறம் ஜூலையில் ஜப்பான் போலீஸ் ஃபோபோஸ் பூட்டைத் திறக்கும் கருவியை இலவசமாக வெளியிட்டது. ஆதரிக்கும் வால்களின் பட்டியலில் ‘ஃபவுஸ்ட்’ இருந்தது. நான் இரண்டு முறை படித்தேன்.

டிஸ்க்கை நெட் இல்லாத ஒரு பழைய கணினியில் மாட்டி, முதலில் முழுப் பிரதி எடுத்துக்கொண்டோம். கருவியைத் தரவிறக்கும்போது பிரவுசர் அதையே வைரஸ் என்று தடுத்தது, அது ஒரு வேடிக்கை. சாயங்காலம் ஓடவிட்டுப் போய்விட்டு மறுநாள் காலை வந்து பார்த்தால் பெரும்பாலான கோப்புகள் வால் இல்லாமல் இருந்தன. சில வீடியோக்கள் திறக்கவில்லை.

சாரை வரச் சொன்னேன். போட்டோக்களைக் காட்டப்போனேன், அதெல்லாம் அப்புறம் என்று மொய்க் கோப்பைத் திறக்கச் சொன்னார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலால் வரி வரியாகக் கீழே வந்தார். கடலூர் ஓ.டி., பரங்கிப்பேட்டை, பண்ருட்டி. நெல்லிக்குப்பத்தில் ஒரு பெயரில் விரல் நின்றது.

“இவர் பையன் கல்யாணத்துக்குப் போன தையில 1001 வச்சேன் தம்பி. இவரு 2009-லயே 2501 வச்சிருக்காரே.”

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.